ரயில் சத்தம் பிடிக்க: ரங்கூன் வட்டமா, மோல்மீன் வண்டியா?

போனில் ரயில் சத்தம் பதிவு செய்வது என் பொழுதுபோக்கு. மியன்மாரின் ரங்கூனில் அதற்கு எளிது நகரைச் சுற்றும் வட்ட ரயில். சுமார் 46 கிலோமீட்டர். நிலையங்கள் நெருக்கமாக இருப்பதால் பிரேக் கிரீச்சும் ஹாரனும் அடிக்கடி கிடைக்கும். ஆனால் கூட்டம். அருமையான கிரீச் ஒன்றைப் பிடிக்கும் நேரத்தில்தான் பக்கத்தில் யாராவது போனில் கத்துவார்கள்.

ரங்கூனிலிருந்து மோல்மீன் நகருக்குப் போகும் வண்டி வேறு ரகம். வழியில் பெகு ஊர் தாண்டியதும் வயல்வெளி. தண்டவாள இணைப்புகளில் சக்கரம் விழும் 'தடக் தடக்' தெளிவாகக் கேட்கும். மீட்டர் கேஜ் பாதை, பெட்டி குதிரை மாதிரி குதிக்கும், அந்தக் குலுக்கலும் பதிவில் ஏறிவிடும். போனை மடியில் துண்டுமேல் வைத்தால் கொஞ்சம் தேவலை. ஜன்னலுக்கு வெளியே மட்டும் நீட்டாதீர்கள், காற்று இரைச்சல்தான் மிஞ்சும். உச்சம், மொத்தாமா ஊருக்கு அப்புறம் வரும் சால்வீன் ஆற்றுப் பாலம். 2008-ல்தான் அதில் ரயில் ஓடத் தொடங்கியது; பாலம் வருவதற்கு முன் மொத்தாமாவில் இறங்கிப் படகேற வேண்டியிருந்தது. பாலத்தில் ஏறியதும் சத்தத்தின் அடிக்குரலே மாறிவிடும்.

ஒரு காலை மட்டும் கையில் இருந்தால் வட்ட ரயில். எனக்கு எப்போதும் மோல்மீன்தான், முதுகு வலித்தாலும் சரி.