தோட்டமா, பள்ளிக்கூடமா? ராமநாதபுரம் கடலோரத்தில் தன்னார்வலராகப் போகிறவர்களுக்கு ஓர் ஒப்பீடு

தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், பாம்பன், கீழக்கரை, ஏர்வாடி வழியாக மூக்கையூர் வரை உள்ள கடலோர ஊர்களில், வாரத்தில் இரண்டு மூன்று மணி நேரத்தை ஊருக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள் முன்னால் பெரும்பாலும் இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, பஞ்சாயத்து இடத்திலோ கோயில், பள்ளிவாசல், தேவாலய நிலத்திலோ பத்துப் பேர் சேர்ந்து போடும் காய்கறித் தோட்டம். இன்னொன்று, ஊர்ப் பள்ளியில் வாசிக்கத் தடுமாறும் பிள்ளைகளோடு உட்காருவது. இரண்டும் நல்ல காரியம் என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டால் தேர்ந்தெடுக்க நினைப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. இரண்டும் உங்களிடம் கேட்பது வேறு வேறு. தோட்டத்தில் இன்றைக்கு நீங்கள், நாளைக்கு இன்னொருவர் என்று ஆள் மாறலாம். தண்ணீர் மட்டும் தவறக் கூடாது. பள்ளியில் வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்தாலே போதும். ஆனால் வருகிற ஆள் அதே ஆளாக இருக்க வேண்டும்.

தோட்டம்: முதல் கேள்வி தண்ணீர்

மதுரைப் பக்கம் தோட்டம் போடுவது போல இங்கே போட முடியாது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் படலமாக மிதந்து நிற்கிறது. தனுஷ்கோடியில் கடலுக்குப் பக்கத்திலேயே கையால் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் அள்ள முடிவது இதனால்தான். மோட்டார் வைத்து வேகமாக இழுத்தால் மேலே உள்ள நல்ல நீர் தீர்ந்து, அடியில் கிடக்கும் உப்பு மேலேறிவிடும். ஆகவே இடம் பார்க்கப் போகும்போதே, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை எடுத்துப் போங்கள். காலையில் மோட்டார் போடும் முன் ஒரு தடவை, அரை மணி நேரம் ஓடிய பிறகு ஒரு தடவை அளக்க வேண்டும். மீட்டர் காட்டும் எண் (லிட்டருக்கு மில்லிகிராம்) 450க்குக் கீழே இருந்தால் எந்தக் காயும் போடலாம். 450 முதல் 2000 வரை என்றால் பயிரைத் தேர்ந்துதான் போட வேண்டும். 2000 தாண்டினால் அந்தக் கிணற்றை நம்பிக் காய்கறித் தோட்டம் வேண்டாம். முதல் அளவுக்கும் இரண்டாம் அளவுக்கும் நடுவில் எண் கிடுகிடுவென ஏறினால், இப்போது நன்றாக இருக்கும் அந்தத் தண்ணீர் பங்குனி, சித்திரையில் கைவிட்டுவிடும் என்று அர்த்தம்.

நடுத்தர உப்பில் கொத்தவரை நன்றாகவே வரும். தட்டைப்பயறும் பீட்ரூட்டும் ஓரளவு தாங்கும். பீன்ஸ், கேரட், வெங்காயம் மூன்றும் தாங்காது. ஆசைக்குக்கூட முயல வேண்டாம். முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த மாவட்டம் இது என்பதால், மிளகாய் இங்கே எந்தத் தண்ணீரிலும் வரும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது பெரும்பாலும் மழையை நம்பி விளைவது. உப்புக் கிணற்று நீரைத் தினமும் ஊற்றினால் காய்ப்பு குறைந்துபோகும்.

அடுத்தது அளவு. கோடையில் ஒரு சதுர மீட்டர் பாத்திக்கு நாளுக்குச் சுமார் 5 லிட்டர் தேவை. ஒரு சென்ட் என்பது ஏறக்குறைய 40 சதுர மீட்டர். 10 சென்ட் இடத்தில் நடைபாதை, வேலி, எருக்குழி போக 5 சென்ட்டில் பாத்தி போட்டால் தினமும் 1000 லிட்டர் வேண்டும். 15 லிட்டர் குடத்தில் சுமந்தால் 67 குடம். முதல் நாள் உற்சாகத்தில் 5 சென்ட் கொத்திய குழுக்கள் மாசி மாதம் சோர்ந்துபோவது இந்தக் கணக்கைப் போடாததால்தான். பத்துப் பேர் என்றால் முதல் வருடம் 2 சென்ட் போதும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாயிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். குடத்தோடு பெண்கள் வரிசையில் நிற்கும் ஊரில், குடிதண்ணீரைக் குடித்து வளர்ந்த தோட்டத்தை ஊர் மன்னிக்காது.

தண்ணீரை மிச்சப்படுத்த மணலுக்கு ஏற்றது பானைப் பாசனம். பளபளப்புப் பூச்சு இல்லாத 8 அல்லது 10 லிட்டர் மண்பானையைக் கழுத்து வரை புதைத்து, சுற்றிலும் ஒரு சாண் தள்ளி நான்கு செடிகள் வைக்க வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை நிரப்பினால் போதும். வாயை மூடி வைக்காவிட்டால் கொசு பெருகும். உப்பு அதிகமுள்ள நீரை ஊற்றினால் ஒரே பருவத்தில், நீர் கசியும் பானையின் நுண்துளைகள் அடைத்துக்கொள்ளும்.

மணலில் சத்து நிற்காது என்பதால் ஒரு சென்ட்டுக்கு 100 கிலோ மக்கிய எருவும், கிடைத்தால் கண்மாய் வண்டலும் கலக்க வேண்டும். வண்டல் எடுக்க அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். "ஆடிப் பட்டம் தேடி விதை" என்பது இந்தக் கரைக்கு அப்படியே பொருந்தாது. இங்கே மழை வடகிழக்குப் பருவத்தில்தான். ஆவணியில் மண்ணைத் தயார் செய்து, புரட்டாசி, ஐப்பசியில் விதைத்து, மார்கழி முதல் பங்குனி வரை பறிப்பதே நிதானமான கணக்கு.

காற்றைப் பற்றிக் கரையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தோட்டக் கணக்கில் அது எப்படி வருகிறது என்று பார்க்க வேண்டும். தொண்டி, தேவிபட்டினம் பக்கம் கடல் கிழக்கே இருப்பதால், செடி வளரும் பருவத்திலேயே வாடைக் காற்று உப்பை நேராகக் கொண்டுவந்து இலையில் அப்பும். கீழக்கரை, ஏர்வாடி பக்கம் கடல் தெற்கே. அங்கே தெற்கு, தென்மேற்கிலிருந்து வரும் சோழகமும் கச்சானும் வீசும் மாதங்களில்தான் உப்பு வரும், அப்போது பாத்தி பெரும்பாலும் காலியாக இருக்கும். ஆகவே தொண்டி, தேவிபட்டினம் இருக்கும் பாக் நீரிணைப் பக்கத்துத் தோட்டத்துக்கு வடகிழக்கு ஓரத்தில் பனையோலைத் தட்டி கட்டாயம். இடைவெளி விட்டுக் கட்டிய தட்டிதான் நல்லது. காற்றே நுழையாத சுவர் வைத்தால் காற்று மேலேறிச் சுழன்று, சுவருக்குப் பின்னால் செடிகளின் மேல் விழும். இலை ஓரம் கருகத் தொடங்கினால் காலையில் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவிவிட வேண்டும்.

இந்தக் கரைக்கு மட்டுமே உள்ள வசதி ஒன்று உண்டு: மீன் கழிவு. காசு கொடுக்காமல் கிடைக்கும் இதை மீன் அமிலம் என்ற திரவ உரமாக்கினால் உரச் செலவு குறையும். 5 கிலோ கழிவுக்கு 5 கிலோ வெல்லமோ கருப்பட்டியோ, எடைக்கு எடை. தலை, குடல், செதில் எல்லாவற்றையும் சிறிதாக நறுக்கி, ஒட்டியிருக்கும் தண்ணீர் வடிந்த பிறகு, தூளாக்கிய வெல்லத்தோடு அடுக்கடுக்காக மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் போட வேண்டும். வாளியில் மூன்றில் ஒரு பங்கு இடம் காலியாக இருக்கட்டும். நிழலில் வைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றி மறுபடி மூட வேண்டும். இல்லாவிட்டால் மூடி தெறிக்கும். 21 நாள் கழித்துத் திறந்தால் கவிச்சி போய், பழுத்த பழ வாசனை வர வேண்டும். அதை வடிகட்டி, ஒரு லிட்டர் நீருக்கு 5 மில்லி கலந்து மாலையில் இலையில் தெளிக்கலாம். வேரில் ஊற்ற 10 மில்லி. புழு வைத்து நாறினால் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: கழிவில் தண்ணீர் இருந்தது, அல்லது வெல்லத்தைக் குறைத்துவிட்டார்கள். கருவாட்டுக் கழிவையோ உப்புப் போட்ட மீனையோ இதில் சேர்க்கவே கூடாது. ஏற்கெனவே உப்பு மிகுந்த மண்ணில் கையாலேயே உப்பைக் கொட்டுவதாகிவிடும்.

வெண்டை, தக்காளி, கத்தரி பச்சையாக இருந்தும் வெயிலில் துவண்டால் ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். மணிமணியாக முடிச்சு இருந்தால் நூற்புழு. மணல் நிலத்தில் சகஜம். அந்த இடத்தில் அடுத்த பருவம் துலுக்கச் சாமந்தி போட்டு, வேப்பம் புண்ணாக்கு கலந்து விடுங்கள். ஆடு, மாட்டுக்கு வேலியும், பீர்க்கு, புடலைக்குப் பந்தலும் பழைய வலையில் போடலாம். ஆனால் மெல்லிய நைலான் வலை வேண்டாம். ஓணானும் பாம்பும் சிக்கிச் சாகும். தடித்த இழுவலையே சரி.

பறிப்பை யார் எடுத்துக்கொள்வது என்பதை விதை போடும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். முறைவைத்துத் தண்ணீர் ஊற்றியவர்களுக்குப் பாதி, பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குப் பாதி என்பது சண்டையில்லாத ஏற்பாடு. நிலத்துக்கு வாய்மொழிச் சம்மதம் போதாது. பஞ்சாயத்து நிலம் என்றால் மே 1 கிராம சபையிலேயே தீர்மானம் வாங்கிவிட்டால் ஆவணிக்குள் மண்வேலை தொடங்கலாம்.

பள்ளிக்கூடம்: வேலை சிறியது, பொறுப்பு பெரியது

இங்கே மண்வெட்டியும் வேண்டாம், டி.டி.எஸ். மீட்டரும் வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு 40 நிமிடம், நான்கு பிள்ளைகள். கேட்க எளிது. ஆனால் நான்கு வாரம் வந்துவிட்டு நின்றுவிடுகிறவரால் தோட்டத்துக்கு வரும் நட்டத்தைவிட இங்கே வரும் நட்டம் அதிகம். கருகிய செடிக்குப் பதில் வேறு விதை போடலாம். "அக்கா இன்னைக்கும் வரலையா?" என்று இரண்டு வாரம் கேட்டுவிட்டு மூன்றாவது வாரம் கேட்பதை நிறுத்திவிட்ட பிள்ளை, அடுத்து வருகிறவரிடம் அவ்வளவு சீக்கிரம் புத்தகத்தை நீட்டாது. ஒரு கல்வியாண்டு முழுக்க வர முடியாது என்று தெரிந்தால் தோட்டத்துக்கே போங்கள். அதில் ஒரு குறையும் இல்லை.

நேராக வகுப்புக்குள் போய்விட முடியாது. முதலில் தலைமை ஆசிரியரைப் பாருங்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வகுப்புப் பிள்ளைகளோடு, என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி, அடையாள அட்டை நகலோடு கொடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தெரிய வேண்டும். வட்டாரக் கல்வி அலுவலரின் ஒப்புதல் தேவை என்று பள்ளி சொன்னால் அதை வாங்கும் வரை பொறுத்திருங்கள். பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது. கதவு திறந்திருக்க வேண்டும். ஆசிரியர் பார்வையில் உட்கார வேண்டும். படம் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவதும், ஒரு பிள்ளைக்கு மட்டும் பரிசு கொடுப்பதும் வேண்டாம். பிள்ளை எதையாவது சொல்லி அது உங்களுக்குக் கவலை தந்தால், நீங்களே விசாரிக்காமல் தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் நினைவில் வையுங்கள்.

2022இல் வந்த எண்ணும் எழுத்தும் திட்டத்தில் தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்திருப்பார்கள். உங்களிடம் வரும் பிள்ளை எந்த நிலை என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அவர் நடத்துவதற்கு எதிராக வேறொரு முறையைக் கொண்டுபோய்ப் பிள்ளையைக் குழப்ப வேண்டாம். முதல் நாள் ஆளுக்கு ஐந்து நிமிடம் போதும்: பத்து உயிர்மெய் எழுத்து, பத்துச் சொல், நான்கு வரி. எங்கே தடுமாறுகிறார்கள் என்பது தெரிந்துவிடும்.

தடுமாற்றம் பெரும்பாலும் மூன்று இடத்தில் இருக்கும். ஒன்று, புள்ளி: "படம்" என்பதும் "பட்டம்" என்பதும் ஒன்றாகவே தெரியும். இரண்டு, குறில் நெடில்: "பல்", "பால்", "மின்", "மீன்". மூன்றாவதுதான் ஏமாற்றுவது. புத்தகத்தில் படகுப் படம் இருக்கும், கீழே "தோணி" என்று எழுதியிருக்கும். பிள்ளை கொஞ்சமும் தயங்காமல் "வள்ளம்" என்று வாசிக்கும், அல்லது "வத்தை" என்று. கடலோரத்துப் பிள்ளைக்குப் படம் நன்றாகத் தெரியும், எழுத்துதான் தெரியாது. சரளமாக வாசிப்பதாக நினைத்து நாமும் தலையாட்டிவிடுவோம். படத்தைக் கையால் மறைத்துவிட்டு, ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்து "தோ", "ணி" என்று வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு படத்தைத் திறந்து, "நம்ம ஊரில் இதுக்கு என்ன பேரு?" என்று கேளுங்கள். "வள்ளம்" என்றதும் அதையும் எழுதிக் காட்டுங்கள். பிள்ளையின் சொல்லைத் தப்பு என்று சொல்லிவிட்டால் அடுத்த பக்கம் வாசிக்க வாயே திறக்காது.

40 நிமிடத்தை இப்படிப் பிரிக்கலாம்: 10 நிமிடம் எழுத்து அட்டை, 15 நிமிடம் வாசிப்பு, 10 நிமிடம் ஐந்து சொல் எழுதுவது, கடைசி 5 நிமிடம் நீங்கள் ஒரு கதை வாசிப்பது. கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். அடுத்த முறை பிள்ளை வருவது அதற்காகத்தான்.

காலண்டரை வைத்துப் பார்த்தால்

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பள்ளி விடுமுறையும் ஏறக்குறைய அதே நாட்கள். விசைப்படகுக்குப் போகிறவர்கள் கரையில் இருப்பார்கள். விதைக்கத் தண்ணீர் இருக்காது. ஆகவே தட்டி கட்டுவது, வேலி போடுவது, எருக்குழி வெட்டுவது எல்லாவற்றையும் அந்த இரண்டு மாதத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வலை முடிச்சுப் போடத் தெரிந்த கைகள் கட்டும் பந்தல் வாடைக்கும் அசையாது. கடலுக்குப் போகிறவர்கள் பள்ளிக்குக் கிழமை தவறாமல் வருவதாக வாக்குக் கொடுப்பது கடினம். தோட்டத்துக்கு அவர்கள்தான் பலம். வீட்டிலிருக்கும் பட்டதாரிப் பெண்கள், ஓய்வு பெற்றவர்கள், கல்லூரி முடித்து வேலைக்குக் காத்திருப்பவர்கள் ஆகியோரில் ஒரு வருடம் ஊரை விட்டுப் போகமாட்டார் என்பவர் பள்ளிக்குச் சரியானவர். தோட்டத்துக்குப் பொது வேலை நாள் வைக்கும்போது கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வெள்ளி மதியத்தையும், தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் ஞாயிறு காலையையும் விட்டுவிடுங்கள்.

இரண்டையும் சேர்த்துப் பள்ளிக்குள்ளேயே காய்கறித் தோட்டம் போடலாமே என்ற யோசனை எல்லோருக்கும் வரும். அதிகம் காய்ந்துபோவதும் அதுதான். தண்ணீர் கட்டாயம் தேவைப்படும் சித்திரை, வைகாசியில் பள்ளி பூட்டியிருக்கும். வெண்டையும் தக்காளியும் போடுவதாக இருந்தால் பங்குனிக்குள் பறித்து முடித்துப் பாத்தியைக் காலி செய்துவிட வேண்டும். நிரந்தரமாக வைக்க முருங்கை நல்லது: ஒன்றரை அடிக் குழி, மூன்றடிப் போத்து (கிளைத் துண்டு), ஐப்பசி மழையில் நட வேண்டும். தளிர் மூன்றடி வளர்ந்ததும் நுனியைக் கிள்ளிவிட்டால் காற்றில் முறியாது. முதல் கோடைக்கு மட்டும் ஒவ்வொரு கன்றின் பக்கத்திலும் ஒரு பானையைப் புதைத்து வாரம் இரண்டு முறை நிரப்ப வேண்டும். அதற்குக் கேட் சாவி வேண்டும். பள்ளிக்குப் பக்கத்து வீட்டில் ஒருவரைப் பேசி வைத்து, ஏப்ரல் பிறந்ததுமே தலைமை ஆசிரியரிடம் கேட்டுச் சாவியை அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.