மலை நடையில் கால் கொப்புளம் வராமலிருக்க வாஸ்லினா, இரட்டை சாக்ஸா, பேப்பர் டேப்பா?

நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப்புக்குக் கோரேபானி வழியாகப் போனால் உல்லேரியில் மூவாயிரத்துக்கு மேல் கல்படிகள். ஏறும்போது குதிகால் கடிக்கும். சோம்ரோங் தாண்டி ஆற்றுக்கு இறங்கும்போது விரல் நுனி. முதுகில் பத்து கிலோ பை இருந்தால் கேட்கவே வேண்டாம்.

முதல் தடவை நான் வாஸ்லினை நம்பிப் போனேன். காலையில் தடவியதும் கால் வழுக்கிக்கொண்டு ஷூவுக்குள் போனது. மதியம் சாக்ஸைக் கழற்றினால், சுண்டுவிரல் இடுக்கில் தூசியும் கம்பளிப் பஞ்சும் வாஸ்லினோடு குழைந்து கறுப்புச் சாந்தாக அப்பியிருந்தது. துடைத்தால் அடியில் மொச்சைக்கொட்டை அளவுக்குக் கொப்புளம்.

கொப்புளம் தோல் மேலே தேய்ந்து வருவதல்ல. வேர்வையில் ஊறிய தோல் சாக்ஸோடு ஒட்டி நிற்கும். உள்ளே எலும்பு மட்டும் முன்னும் பின்னும் போய்வரும். அந்த இழுபறியில் மேல்தோலின் அடுக்குகள் பிரிந்து நீர் கோக்கிறது. வாஸ்லின் தொடக்கத்தில் உராய்வைக் குறைக்கும். ஆனால் தோலை ஊறவும் வைக்கும். சில மணி நேரத்தில் உராய்வு முன்பைவிடக் கூடிவிடும். நமக்கோ ஏழு மணி நேர நடை.

இரட்டை சாக்ஸ் தேவலை. உள்ளே மெல்லிய பாலியஸ்டர், மேலே கம்பளி. இழுபறி இரண்டு துணிகளுக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். ஆனால் ஷூ வாங்கும்போதே இரண்டையும் போட்டுப் பார்த்து வாங்கியிருக்க வேண்டும். இறுகினால் இருந்ததும் போச்சு. பருத்தி சாக்ஸ் பேச்சே வேண்டாம்.

வேர்வையை அடக்கும் மருந்தையும் சிலர் சொல்வார்கள். அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ மாணவர்களிடம் சோதித்து 1998இல் வெளியிட்டார்கள். 21 கிலோமீட்டர் நடையில் கொப்புளம் 48 சதவீதத்திலிருந்து 21 ஆகக் குறைந்தது. ஆனால் போட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தோல் எரிச்சல். எனக்கு வேண்டாம்.

என் ஓட்டு பேப்பர் டேப்புக்கு. மெடிக்கல் ஷாப்பில் மைக்ரோபோர் என்று கேட்டால் கிடைக்கும். பல நாள் பாலைவன ஓட்டக்காரர்கள் 128 பேரிடம் பார்த்த ஆய்வு 2016இல் வந்தது. ஒட்டிய இடத்தில் கொப்புளம் சுமார் 40 சதவீதம் குறைவு. பசை மென்மையானது, உரிக்கும்போது தோலைப் பிய்த்துக்கொண்டு வராது. காலையில் கால் உலர்ந்திருக்கும்போதே, ஒற்றை அடுக்காக, சுருக்கமில்லாமல் ஒட்ட வேண்டும். மூலைகளைக் கத்தரியால் வளைத்து வெட்டாவிட்டால் சாக்ஸ் மாட்டும்போதே சுருண்டுவிடும். நனைந்தால் கழன்றுவிடும், அதுதான் இதன் குறை. ஓடையில் இறங்கினால் துடைத்துவிட்டு மறுபடி ஒட்டணும்.

வாஸ்லின் டப்பா இப்போதும் பையில் இருக்கிறது. உதட்டு வெடிப்புக்கு.