மார்கழியில் உறையாத தேங்காய் எண்ணெய்: 250 சோப்பு கெட்ட கதை

வீட்டில் சோப்பு செய்து சந்தையில் விற்கிறவர்களும், செக்கு எண்ணெய் என்று நம்பி டின் கணக்கில் வாங்குகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். விற்றவர் பெயரை நான் போடவில்லை. ஒழுங்கான பில் இல்லாமல் பெயரைப் போட்டால் மாட்டுவது நான்தான். பில் ஏன் இல்லை என்பதும் இந்தக் கதையில்தான் வருகிறது.

கோவையில் இருக்கிறேன். மூன்று வருடமாக சோப்பு செய்கிறேன். மாதம் ஒரு ஞாயிறு இயற்கைச் சந்தையில் மேசை போடுவேன், எப்போதாவது கல்லூரிச் சந்தையிலும். ஒரு கிலோ எண்ணெயில் 700 கிராம் தேங்காய், 200 நல்லெண்ணெய், 100 விளக்கெண்ணெய். எண்ணெயைச் சோப்பாக மாற்றுகிற காரமான காஸ்டிக் சோடா 159 கிராம். அளவை ஒருநாளும் மாற்றியதில்லை.

2025-ல் கொப்பரை விலை கிலோ 200 ரூபாயைத் தாண்டியது எல்லோருக்கும் நினைவிருக்கும். காங்கேயம் பக்கம் நான் வழக்கமாக வாங்கும் செக்குக்காரர் எண்ணெயைக் கிலோ 410 ஆக்கிவிட்டார். 120 ரூபாய்க்கு விற்கிற சோப்பை 150 ஆக்கினால் யார் வாங்குவார்கள் என்று தவித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் ஒரு வாட்ஸ்அப் குழுவில் அந்த விளம்பரம் வந்தது. "மரச்செக்கு தேங்காய் எண்ணெய், கிலோ 290, 15 கிலோ டின், வீட்டுக்கே டெலிவரி."

அங்கேயே ஒரு கணக்குப் போட்டிருக்க வேண்டும். ஒரு கிலோ எண்ணெய் வர ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொப்பரை வேண்டும். கொப்பரை 200 என்று வைத்தால் அதற்கே 300 ரூபாய்க்கு மேல் ஆகிவிடுகிறது. புண்ணாக்கு விற்ற காசு ஆட்டுக்கூலிக்குச் சரியாகப் போய்விடும். அப்புறம் 290-க்கு ஒருவர் எப்படிக் கொடுப்பார்? சோடாவைக் கிராம் கிராமாக நிறுக்கிறவள் இதைப் போட்டுப் பார்க்கவில்லை. இரண்டு டின், 8,700 ரூபாய், ஜிபேயில் அனுப்பினேன். 3,600 மிச்சம் என்று வீட்டில் பெருமை வேறு.

டின் வந்தது மார்கழி முதல் வாரம். அந்தக் குளிரில் எங்கள் வீட்டில் தலைக்குத் தேய்க்கிற எண்ணெய்ப் பாட்டில் மெழுகு மாதிரி உறைந்து, வெயிலில் வைத்தால்தான் இறங்கும். புது டின்னைத் திறந்தால் எண்ணெய் தண்ணீர் மாதிரி தளதளவென்று நிற்கிறது. கரண்டியை அடிவரை விட்டுப் பார்த்தேன், மணல் மாதிரி கொஞ்சம் வெள்ளை தட்டுப்பட்டது, அவ்வளவுதான். போன் போட்டுக் கேட்டேன். "செக்குல ஆட்டுனதுங்க்கா, மிஷின் எண்ணெய் மாதிரி டக்குனு உறையாதுங்க" என்றார். தேங்காய் எண்ணெய் செக்கில் ஆட்டினாலும் மிஷினில் ஆட்டினாலும் 24 டிகிரிக்குக் கீழே போனால் உறையத்தான் செய்யும். எனக்குத் தெரியாத விஷயமா இது? ஆனாலும் உருக்குகிற வேலை மிச்சம் என்று சந்தோஷப்பட்டுக்கொண்டேன். அதுதான் இப்போது நினைத்தாலும் எரிகிறது.

ஒரு டின்னில் 14 கிலோ எடுத்து, மற்ற எண்ணெய்களையும் சேர்த்து 20 கிலோவுக்குப் போட்டேன். 250 சோப்பு வந்தது. வெட்டும்போது ஓரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது, மேலே சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை பூத்தது. மேற்பரப்பில் சாம்பல் பூப்பது சகஜம்தான், அதனால் துடைத்துவிட்டு அடுக்கிவிட்டேன். ஐந்து வாரம் காய வைத்தேன். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறையும் சோப்பை நாக்கு நுனியில் லேசாகத் தொட்டுப் பார்ப்பேன். காரம் மிஞ்சியிருந்தால் பேட்டரியை நக்கின மாதிரி சுரீர் என்று இழுக்கும். எப்போதும் சரியாகவே வந்ததால் அந்தப் பழக்கம் எப்போதோ விட்டுப் போயிருந்தது.

பிப்ரவரி முதல் ஞாயிறு 41 சோப்பு விற்றது. அடுத்த வியாழக்கிழமையே எனக்கு ரொம்ப நாளாக வாடிக்கையாக இருக்கும் ஒரு பாட்டி வீடு தேடி வந்துவிட்டார். சோப்பைக் காகிதத்தில் மடித்து, அதற்கு மேல் ஒரு ரப்பர் பேண்டும் போட்டிருந்தார். "ஏங்கண்ணு, இந்தத் தடவ என்னத்தப் போட்ட? பேத்திக்குத் தேச்சுவுட்டேன், அக்குளெல்லாம் செவசெவன்னு ஆயிப்போச்சு." திட்டவில்லை, காசும் கேட்கவில்லை. அவர் கிளம்பின கையோடு அந்தச் சோப்பை நாக்கில் வைத்தேன். சுரீர்.

அன்றிரவே சந்தைக் குழுவில் செய்தி போட்டேன்: அந்த ஞாயிறு வாங்கியவர்கள் தேய்க்க வேண்டாம், திருப்பிக் கொடுங்கள், காசு தருகிறேன். 33 சோப்பு திரும்பி வந்தது. மீதி எட்டு யார் வீட்டுக் குளியலறையில் இருக்கிறதோ.

முதலில் நான் சந்தேகப்பட்டது காஸ்டிக் சோடா விற்ற கெமிக்கல் கடைக்காரரை. பாவம், போனில் கத்தியே விட்டேன். பிறகு உட்கார்ந்து யோசித்தால் அபத்தமாக இருக்கிறது. காஸ்டிக் சோடா பழசானால் காற்றிலிருக்கிற ஈரத்தை இழுத்து வீரியம் குறையுமே தவிர கூடாது. பழைய சோடா போட்டால் சோப்பு கொழகொழவென்று நிற்கும், இப்படி எரியாது. மறுநாள் அவரிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்டேன். சிரித்துவிட்டு, "எண்ணெயப் பாத்தீங்களா?" என்றார்.

பார்த்தேன். பழைய செக்குக்காரர் எண்ணெயில் அரைக் கிலோ, டின் எண்ணெயில் அரைக் கிலோ. அதே சோடா, அதே தராசு, ஒரே நாள். மூன்றாம் நாள் இரண்டையும் வெட்டி, வெட்டுமுகத்தில் பினாப்தலீன் (காரம் மிஞ்சியிருந்தால் சிவக்கிற திரவம்) ஒரு சொட்டு விட்டேன். பழைய எண்ணெய்ச் சோப்பில் சொட்டு நிறம் மாறாமல் கிடந்தது. டின் எண்ணெய்ச் சோப்பு பீட்ரூட் சாறு கொட்டின மாதிரி சிவந்துவிட்டது. அப்புறம் இரண்டு எண்ணெயையும் கண்ணாடி டம்ளரில் ஊற்றி ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தேன். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 'டார்ட்' கையேட்டில் உள்ள சோதனைதான் இது. நல்ல எண்ணெய் கட்டியாகிவிட்டது, டம்ளரைக் கவிழ்த்தாலும் விழவில்லை. டின் எண்ணெய் கீழே கஞ்சி மாதிரியும் மேலே மஞ்சளாகத் தெளிந்தும் பிரிந்து நின்றது.

அதற்கு மேலும் மனசு ஆறாமல் சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்பினேன். தேங்காய் எண்ணெய்க்கு சோப்பாக்க எண் (எண்ணெய் சோப்பாக மாற எவ்வளவு காரம் வேண்டும் என்கிற அளவு) 250-க்குக் குறையக் கூடாது, அயோடின் எண் (எளிதில் உறையாத கொழுப்பு எவ்வளவு என்று காட்டுகிற அளவு) 7.5-லிருந்து 10-க்குள் இருக்க வேண்டும். என் எண்ணெய்க்கு வந்தது 233-ம் 28-ம். எதைக் கலந்தார்கள் என்று அறிக்கையில் எழுதித் தர மாட்டார்கள். ஆனால் பத்துக்கு நாலு பங்கு பாமாயில் என்று வைத்தால் இரண்டு எண்ணும் அப்படியே பொருந்துகிறது.

சமையலுக்கு வாங்கியிருந்தால் காசு நஷ்டத்தோடு போயிருக்கும். சோப்பில் அப்படி இல்லை. ஒரு கிலோ தேங்காய் எண்ணெய் முழுக்கச் சோப்பாக மாற 183 கிராம் சோடா வேண்டும், பாமாயிலுக்கு 141 கிராம் போதும். நான் தேங்காய் எண்ணெய்க் கணக்கில் சோடா போட்டு, அதிலும் 5 சதவீதம் எண்ணெய் மிஞ்சுகிற மாதிரிதான் வைத்திருந்தேன். பாமாயில் அந்த மிச்சத்தை முழுக்கத் தின்றுவிட்டு, கிலோவுக்கு மூன்று கிராம் காரத்தை ஜோடி இல்லாமல் விட்டுவிட்டது. அந்த மூன்று கிராம்தான் பாட்டியின் பேத்தி தோலில் ஏறியது.

அறிக்கையோடு விற்றவருக்குப் போன் செய்தேன். முதலில் "உங்களுக்குச் சோப்பு செய்யத் தெரியலைங்க்கா" என்றார். எண்களைப் படித்துக் காட்டினேன். "பில்லைக் காட்டுங்க, டின் எங்களுதுதான்னு எப்படி நம்பறது?" என்றார். டின்னோடு வந்த சீட்டை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மேலே 'எஸ்டிமேட்' என்று அச்சடித்திருந்தது. கடைப் பெயர் இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. பொருள் என்ற இடத்தில் 'ஆயில் 2' என்று மட்டும். தேங்காய் என்றுகூட எழுதவில்லை. டின்னிலும் உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணோ பேட்ச் எண்ணோ கிடையாது.

நான் விடாமல் பேசவும், கடைசியாக ஒன்று கேட்டார்: "அக்கா, சோப்பு விக்க உங்ககிட்ட லைசென்ஸ் இருக்குதுங்களா?"

வாயடைத்துப் போனேன். ஏனென்றால் இல்லை. குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வருகிறது. 1940 மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தின் கீழ், 2020-ல் வந்த விதிகளின்படி, தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும். அதற்குத் தனி இடம் வேண்டும், மேற்பார்வைக்குத் தகுதியான ஆள் வேண்டும். நம்மில் பாதிப்பேர் இதைத் தெரிந்தே தள்ளிப் போடுகிறோம். இந்த ஆள் அதைத் தெரிந்துகொண்டு, சோப்புக்காரர்கள் இருக்கிற குழுவாகப் பார்த்துத்தான் விளம்பரம் போடுகிறார் என்று நினைக்கிறேன். புகார் கொடுக்கப் பயப்படுகிறவர்கள்தான் அவருக்கு நல்ல வாடிக்கையாளர்கள்.

இரண்டு வாரம் நானும் பயந்துகொண்டுதான் இருந்தேன். பிறகு நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்தேன். பில் இல்லாவிட்டாலும் ஜிபே ரசீது இருக்கிறது, "மரச்செக்கு தேங்காய் எண்ணெய்" என்று அவரே அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி இருக்கிறது. இதுமாதிரி செய்திகளை அழிக்காதீர்கள். வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் ஆக முடியாது என்று சிலர் பயமுறுத்துவார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக மட்டும் வாங்கியிருந்தால் 2019 சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான். மாவட்ட ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணமும் கிடையாது. என் புகாருக்கு இன்னும் பதில் வரவில்லை. உரிமத்துக்கு விண்ணப்பிக்கத் தோழியின் இடத்தைப் பார்த்துவைத்திருக்கிறேன், அதுவரை மேசை போடவில்லை.

கெட்ட சோப்பையெல்லாம் துருவி, கூடுதலாக நல்ல எண்ணெய் விட்டுக் காய்ச்சி, துணி துவைக்க வைத்துக்கொண்டேன். இரண்டாவது டின் மூலையில் கிடக்கிறது, சாட்சிக்கு. பாட்டியின் பேத்திக்குச் சிவப்பு நாலு நாளில் அடங்கிவிட்டதாம்.

அந்த வாட்ஸ்அப் குழுவை விட்டு நான் இன்னும் வெளியேறவில்லை. நேற்றுக் காலையும் விளம்பரம் வந்திருந்தது. கிலோ 280-தானாம், ஐந்து டின் எடுத்தால் டெலிவரி இலவசமாம். கீழே மூன்று பேர் கட்டைவிரல் போட்டிருந்தார்கள். மூவருக்கும் தனித்தனியே செய்தி அனுப்பினேன். ஒருவர் மட்டும் பதில் போட்டார்: "ஏற்கெனவே பணம் அனுப்பிட்டேனே அக்கா."