சாம்பலைத் தேடும் அகச்சிவப்புக் கண்: ‘அவாய்டு’ கருவி குறித்த மதிப்பீடு

1982 ஜூன் 24 அன்று இரவு, இந்தோனேசியாவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலுக்குள் நுழைந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் அடுத்தடுத்து நின்றபோது, அதன் வானிலை ரேடாரில் ஆபத்தின் சுவடே தெரியவில்லை. மழைத்துளிகளை உணர்வதற்கென்றே அமைந்த ரேடாருக்கு நுண்ணிய சாம்பல் துகள் புலப்படாது. அந்தக் குறையை நீக்க விஞ்ஞானி ஃபிரெட் பிராட்டா உருவாக்கியதே ‘அவாய்டு’ என்னும் அகச்சிவப்புக் கேமரா அமைப்பு. இதை நான் இயக்கிப் பார்த்ததில்லை. வெளியான சோதனை விவரங்களைக் கொண்டே மதிப்பிடுகிறேன்.

இதன் அடிப்படை எளிமையானது, அதனாலேயே அழகானது. சிலிக்கேட் என்னும் பாறைப் பொருளாலான எரிமலைச் சாம்பல், 12 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தைவிட 11 மைக்ரானில் வெப்பக் கதிர்களை மிகுதியாக உறிஞ்சும். நீர்த்துளியும் பனித்துகளும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். இரண்டு அலைநீளங்களிலும் பதிவாகும் வெப்பநிலைகளின் வேறுபாட்டைப் பார்த்தே சாம்பலையும் சாதாரண மேகத்தையும் பிரித்துவிடலாம். செயற்கைக்கோள்களில் முன்பே பழகிய இந்த உத்தியை விமானத்திலிருந்து முன்னோக்கிப் பார்க்கும்படி திருப்பியதுதான் இதன் புதுமை. வெளிச்சம் தேவைப்படாததால் இரவிலும் இது பயன்படும்.

2010-இல் ஐஸ்லாந்து எரிமலையால் ஐரோப்பிய வான்வழிகள் முடங்கியதை அடுத்து, விமான சேவை நிறுவனமான ஈசிஜெட்டும் விமானத் தயாரிப்பு நிறுவனமான ஏர்பஸும் இதன் சோதனைக்குத் துணைநின்றன. 2013-இல் பிஸ்கே விரிகுடாவின் மேல் ஓர் ஏ400எம் விமானம் ஏறத்தாழ ஒரு டன் ஐஸ்லாந்துச் சாம்பலைத் தூவ, கருவியைச் சுமந்து பறந்த ஏ340 விமானம் அதைச் சுமார் 60 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே கண்டறிந்தது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் அந்தத் தொலைவு நான்கு நிமிடங்களுக்குச் சமம். வழியை மாற்றிக்கொள்ள அது போதும், ஆனால் நிதானமாக யோசித்து முடிவெடுக்கத் தாராளமான நேரமன்று.

என் தயக்கம் வேறிடத்தில் இருக்கிறது. எங்கே, எப்போது தூவப்படும் என்று முன்பே தெரிந்த சாம்பலைக் கண்டது வெற்றியே என்றாலும், இயற்கை இத்தனை ஒத்துழைப்பதில்லை. சாம்பலுக்கு முன்னால் அடர்ந்த மேகம் நின்றால் அகச்சிவப்புக் கதிர் அதை ஊடுருவி வராது. சாம்பல் துகளின் மேல் பனி படிந்தால் அந்த வேறுபாடே மங்கிப்போகும். ஈரம் மிகுந்த வெப்பமண்டல வானில் இவ்விரண்டுமே வழக்கமானவை. ஆகவே ரேடாருக்குத் துணையாக இதை மனமுவந்து பரிந்துரைப்பேன்; ஐந்துக்கு மூன்றரை மதிப்பெண். மீதி ஒன்றரையை, கலுங்குங் போன்ற எரிமலை ஒன்றின் அருகே, பருவமழைக் காலத்து இரவில் நடக்கும் சோதனைக்காக நிறுத்தி வைத்திருக்கிறேன்.