ஆண்ட்ராய்டின் அறிவிப்பு வகைகள்: ஒரு மதிப்பீடு

2017இல் ஆண்ட்ராய்டு 8 பதிப்புடன் அறிமுகமான அறிவிப்பு வகைகள் என்னும் வசதியை, கைப்பேசியின் ஓயாத ஓசையால் களைத்துப்போன எவருக்கும் மனமாரப் பரிந்துரைக்கிறேன். ஒரு செயலியின் வாயை முற்றிலும் அடைக்காமல், பணப் பரிவர்த்தனைச் செய்தி மட்டும் ஒலிக்கவும், தள்ளுபடி விளம்பரங்கள் அறவே வராமலும் இருக்கும்படி தனித்தனியே அமைத்துக்கொள்ள முடிவதே இதன் பெரும் பயன். வந்த அறிவிப்பைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தாலே அதற்குரிய அமைப்பு திறந்துவிடும். பேச்சு மிகுந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கு ஓசையற்ற அமைப்பே போதுமானது.

எனினும், வகை பிரிக்கும் பொறுப்பு செயலியை உருவாக்குவோரிடமே இருப்பதால், விளம்பரத்தையும் அவசியச் செய்தியையும் ஒரே வகையில் திணிக்கும் செயலிகளிடம் இவ்வசதி பலிப்பதில்லை. பயனரின் கவனத்தை மதிக்காத அத்தகைய செயலிகளுக்கு அறிவிப்பு அனுமதியே தரக்கூடாது. 2022இல் வந்த ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவப்படும் செயலிகள் அதை நம்மிடம் கேட்டே பெற வேண்டியிருக்கிறது.