ஹிட் ரெஃப்ரெஷ்: தலைமை அதிகாரியின் நினைவுக் குறிப்புகள்

மைக்ரோசாஃப்டில் வேலை பார்ப்பவன் அதன் தலைமைச் செயல் அதிகாரி சத்யா நாதெல்லாவின் நூலைப் புகழ்ந்தால் காக்கா பிடிப்பதாகத்தான் தோன்றும் என்ற தயக்கத்துடனேயே, 2017-இல் வெளியான ‘ஹிட் ரெஃப்ரெஷ்’ நூலை அண்மையில் வாசித்தேன்.

1992-இல் வேலைக்கான நேர்காணலில், தெருவில் ஒரு குழந்தை கிடந்து அழுதால் என்ன செய்வீர்கள் என்று கேட்கப்பட்டபோது, அவசர உதவி எண்ணை அழைப்பேன் என்று அவர் பதில் சொல்லியிருக்கிறார். முதலில் குழந்தையைத் தூக்க வேண்டாமா என்று நேர்காணல் செய்தவர் திருத்தியதை மறைக்காமல் எழுதியிருக்கிறார். ஹைதராபாத் பள்ளி நாட்களில், தன் பந்துவீச்சு எடுபடாதபோது அணித்தலைவர் தானே பந்தை வாங்கி ஒரு விக்கெட்டை வீழ்த்திவிட்டு, மறுபடியும் பந்தை இவரிடமே கொடுத்த நிகழ்ச்சியை இரண்டு முறை படித்தேன். அலுவலகத்தில் என் அணியில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் எழுதிய நிரலில் பிழை வந்ததும் அந்த வேலையை வாங்கி நானே வைத்துக்கொண்டிருந்தது உறுத்தியது. மறுநாளே அவரிடம் திருப்பித் தந்தேன்.

செயற்கை நுண்ணறிவு, குவாண்டம் கணினி பற்றிய பிற்பகுதி அலுவலக அறிக்கைபோல் நீள்கிறது. வேகமாகப் புரட்டலாம்.