25 கம்ப்யூட்டருக்கு ஆன்டிவைரஸ் வாங்கும் முன் கன்சோல் பாஸ்வேர்டு யார் கையில் என்று பாருங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கம் பத்து இருபது கம்ப்யூட்டர் வைத்து ஆபீஸ் நடத்துபவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சென்ட்ரல் மேனேஜ்மென்ட் ஆன்டிவைரஸ் (எல்லா கம்ப்யூட்டரையும் கன்சோல் என்ற ஒரே கட்டுப்பாட்டு ஸ்கிரீனிலிருந்து பார்ப்பது) என்று சொல்லி வேலூர்க்காரர் ஒருவர் எங்கள் கம்பெனியில் 44,250 ரூபாய் வாங்கிப் போனார். போட்டுக் கொடுத்ததில் பாதிக்கு மேல் வீட்டு உபயோக லைசன்ஸ், அதுவும் யாரோ ஒருவர் பெயரில்.

நான் ஆம்பூரில் ஷூ அப்பர் தைக்கும் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். (ஊர் 2019-லேயே திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டது, ஆனால் கம்ப்யூட்டர், வக்கீல், ஆஸ்பத்திரி எதுவானாலும் எங்களுக்கு இன்னும் வேலூர்தான்.) ஸ்டோர், டிசைன், பேக்கிங், ஷிப்பிங் டாகுமென்ட்ஸ் எல்லாம் சேர்த்து 25 மெஷின். முன்பெல்லாம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஆன்டிவைரஸ் வாங்கிப் போடுவோம். ஒன்று தை மாதம் முடியும், இன்னொன்று ஆடியில் முடியும், எது ஓடுகிறது எது செத்துக் கிடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அந்த நேரத்தில்தான் அவர் லேப்டாப்போடு வந்தார். "பாய், ஒரே ஸ்கிரீன்ல உங்க மொத்த கம்பெனியும் தெரியும், எவன் பென்டிரைவ் போட்டாலும் அலர்ட் வரும், மூணு வருஷத்துக்கு நீங்க இதை மறந்துடலாம்" என்று எங்கள் முதலாளியிடம் பச்சைப் பச்சையாக வட்டங்களைக் காட்டினார். ஒரு லைசன்ஸ் 1,500, இருபத்தைந்துக்கு 37,500, மேலே 18% ஜிஎஸ்டி.

அவர் சொன்ன மாதிரி ஏற்பாடு உண்மையிலேயே இருக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஏஜென்ட் என்று ஒரு சின்ன புரோகிராம் ஓடும், அது கன்சோலுக்குத் தன் நிலைமையைச் சொல்லிக்கொண்டே இருக்கும். கன்சோலை ஆபீஸ் சர்வரிலும் வைக்கலாம், எங்களைப் போல சர்வர் இல்லாத இடத்துக்கு இன்டர்நெட்டில் இருக்கும் கிளவுடே போதும். எந்த மெஷின் கடைசியாக எப்போது பேசியது, அப்டேட் எந்தத் தேதியோடு நிற்கிறது, எதில் என்ன பிடிபட்டது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்க்கலாம். பேக்கிங் பிரிவில் பென்டிரைவே வேலை செய்யக் கூடாது என்று பாலிசி போடலாம். ஒரு மெஷின் அப்டேட்டை இறக்கி மற்றவற்றுக்கு உள்ளுக்குள்ளேயே கொடுக்கும் வசதியும் பலவற்றில் உண்டு, நெட் மிச்சம். இதெல்லாம் பிசினஸ் லைசன்ஸில்தான். கடையில் டப்பாவில் விற்கும் வீட்டு லைசன்ஸை இப்படி ஒரு கன்சோலில் கட்ட முடியாது.

முதல் நெருடல் எனக்கு பில்லில்தான் வந்தது. "ஆன்டிவைரஸ் சாஃப்ட்வேர், 25 நம்பர்ஸ்" என்று ஒரே வரி. என்ன சாஃப்ட்வேர், எந்த எடிஷன், லைசன்ஸ் நம்பர் என்ன, எதுவும் இல்லை. அடுத்த மாதம் ஜிஎஸ்டிஆர் 2பி-யில் (விற்றவர்கள் கணக்கில் காட்டிய பில்கள் நம் பெயரில் வரும் ஜிஎஸ்டி பட்டியல்) பார்த்தால் அந்த பில் ஏறவே இல்லை. கேட்டால், "ஆடிட்டர் ஊர்ல இல்ல சார், அடுத்த மாசம் வந்துடும்." வரவில்லை. 2பி-யில் வராததற்கு இன்புட், அதாவது கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளும் சலுகை, எடுக்க முடியாது, ஆக 6,750 ரூபாய் வரியும் எங்கள் தலையில். கன்சோல் லாகின் கேட்டபோதும் இதே வழுக்கல்தான்: "அது டெக்னிக்கல் சார், நீங்க ஏதாவது தொட்டா எல்லாம் குழம்பிடும், நாங்கதான் இருக்கோமே."

அப்புறம் ஒரு நாள் ஸ்டோர் கம்ப்யூட்டரில், லேபிள் பிரிண்ட் போட வெளியே போய்வந்த பென்டிரைவைச் செருகியதும் அதிலிருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டன. அதே பழைய ஷார்ட்கட் வைரஸ்தான், ஜெராக்ஸ் கடைக்குப் பென்டிரைவ் எடுத்துப் போன எல்லோருக்கும் தெரிந்தது. மதியத்துக்குள் டிசைன் பிரிவுக்கும் போய்விட்டது. கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஆன்டிவைரஸ் ஐகான் சாம்பல் நிறத்தில் இருந்தது. திறந்து பார்த்தால் அப்டேட் நின்று மாதக்கணக்காகிறது. லைசன்ஸ் விவரத்தில் எங்களுக்கு சம்பந்தமே இல்லாத ஒரு பெண்மணியின் பெயர்.

போன் போட்டதும் "இதோ ரிமோட்ல வரேன்" என்றார். எங்கள் பக்கம் யாரும் எந்த நம்பரும் சொல்லவில்லை, எந்த பட்டனையும் அழுத்தவில்லை, ஆனால் ஸ்கிரீனில் மவுஸ் தானாக நகர ஆரம்பித்தது. ஷிப்பிங் பில், பேங்க் லாகின் எல்லாம் உள்ள ஆபீஸ். எல்லா மெஷினிலும் கேட்காமலே உள்ளே வரும் மாதிரி ரிமோட் சாஃப்ட்வேரை பாஸ்வேர்டோடு போட்டு வைத்திருக்கிறார். வைரஸைக்கூட மன்னித்துவிடலாம், இதை முடியாது.

வேலூரில் ஒரு காலேஜில் சிஸ்டம் அட்மின் வேலை பார்க்கும் என் மச்சினனை வரச் சொன்னேன். அவன் ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து பார்த்ததில் 16 மெஷினில் வீட்டு லைசன்ஸ், மூன்று பேர் போட வேண்டிய லைசன்ஸ் கீயைப் பலருக்குப் போட்டதால் ஆன்டிவைரஸ் தயாரிப்புக் கம்பெனியே முடக்கியது. மீதி 9-ல்தான் நிஜ பிசினஸ் ஏஜென்ட். அதையும் அவன் சோதித்தான். ஐகார் என்று ஒரு சோதனை ஃபைல் இருக்கிறது, 68 எழுத்துதான், எந்தக் கெடுதலும் செய்யாது, ஆனால் அதைப் பார்த்தால் வைரஸ் என்று கத்த வேண்டும் என்பது ஆன்டிவைரஸ் தயாரிப்பாளர்களுக்குள் உள்ள ஏற்பாடு. சி டிரைவில் வைத்தான், உடனே பிடித்தது. டி டிரைவில் வைத்தான், டீ குடித்துவிட்டு வந்து பார்த்தபோதும் அது பாட்டுக்கு உட்கார்ந்திருந்தது. கணக்கு எழுதும் டேலி ஸ்லோவாகிறது என்று நாங்கள் ஒரு தடவை புகார் சொன்னதற்கு, டேலி டேட்டா ஃபோல்டரை மட்டும் ஸ்கேனிலிருந்து விலக்காமல் டி டிரைவ் மொத்தத்தையும் விலக்கி வைத்திருக்கிறார் மகராசன்.

இன்னொன்றும் மச்சினன் சொன்னான். விண்டோஸ் 10, 11-ல் மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர் கூடவே வருகிறது, செலவே இல்லை. வேறு ஆன்டிவைரஸ் வந்து பதிந்துகொண்டால் அது ஒதுங்கிக்கொள்ளும். ஆக இப்படி அரைகுறையாக ஒன்றைப் போடுவதைவிட ஒன்றுமே போடாமல் இருந்திருந்தால்கூட நாங்கள் நன்றாக இருந்திருப்போம்.

ஆளை நேரில் வரவழைத்தோம். கன்சோலைக் காட்டுங்கள் என்று விடாமல் கேட்டதும் லேப்டாப்பைத் திறந்தார். எங்கள் ஒன்பது மெஷினுக்கு நடுவில் 'எக்ஸ்ரே ரூம்', 'லாட்ஜ் ரிசப்ஷன்', 'ஸ்கூல் லேப் 4', 'பில்லிங் 2'. எல்லா கஸ்டமரையும் அவருடைய ஒரே அக்கவுண்டில், ஒரே மெயில் ஐடியில் கொட்டி வைத்திருக்கிறார். பூட்டை விற்றவனே சாவியையும் வைத்துக்கொண்ட கதை. எங்கள் முதலாளி பாய் கோபத்தில் எழுந்து நின்றுவிட்டார். "எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்றால், அதற்கும் அன்இன்ஸ்டால் பாஸ்வேர்டு வேண்டும், அதுவும் அவரிடம்தான். "ஏஎம்சி பாக்கி செட்டில் பண்ணுங்க சார், தரேன்" என்றார், அப்படி ஒரு ஏஎம்சி (வருடாந்திர பராமரிப்பு ஒப்பந்தம்) பேசவே இல்லை! கடைசியில் தயாரிப்புக் கம்பெனியே கொடுக்கும் ரிமூவல் டூலை வைத்து சேஃப் மோடில் நீக்கினோம், இரண்டு மெஷினுக்கு விண்டோஸே புதிதாகப் போட வேண்டியதாயிற்று. எந்த ஆன்டிவைரஸ் என்று கமென்டில் கேட்காதீர்கள், சாஃப்ட்வேர் மேல் தப்பில்லை.

நுகர்வோர் கோர்ட்டுக்குப் போகலாமா என்று வக்கீலிடம் கேட்டோம். 2019 சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், சொந்தப் பிழைப்புக்குத் தானே தொழில் செய்பவருக்குத்தான் விலக்கு, உங்கள் கம்பெனிக்குக் கஷ்டம் என்றார். நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், அதனால்தான் இங்கே பெயர் போடவில்லை.

இப்போது வேறு இடத்தில் வாங்கியிருக்கிறோம். பணம் கொடுக்கும் முன்பே கன்சோல் அட்மின் அக்கவுண்ட் எங்கள் கம்பெனி மெயிலில் உருவாக வேண்டும், லைசன்ஸ் மெயில் தயாரிப்பாளரிடமிருந்து நேராக எங்களுக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டோம். சர்வீஸ்காரருக்குத் தனி லாகின் கொடுத்திருக்கிறோம், வேண்டாம் என்றால் நாங்களே எடுத்துவிடலாம். டெமோவுக்கு வந்தவரிடம், கன்சோலிலிருந்து எங்கள் பேக்கிங் மெஷினில் பென்டிரைவை இப்போதே பிளாக் பண்ணிக் காட்டுங்கள் என்றேன், சில நிமிடத்தில் காட்டினார். பழைய ஆளிடம் இதைக் கேட்டிருந்தால் அன்றைக்கே லேப்டாப்பை மூடியிருப்பார். விற்பவரின் ஜிஎஸ்டி நம்பரையும் போர்ட்டலில் போட்டுப் பாருங்கள், லாகின் இல்லாமலே யாரும் பார்க்கலாம், உயிரோடு இருக்கிறதா, ரிட்டர்ன் போடுகிறாரா என்று தெரிந்துவிடும்.

அந்த ஆள் கடை பெயரை மாற்றிக்கொண்டு இப்போது குடியாத்தம் பக்கம் சுற்றுவதாகக் கேள்வி. 'எக்ஸ்ரே ரூம்', 'ஸ்கூல் லேப் 4' என்று கம்ப்யூட்டருக்குப் பெயர் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் மெஷினில் என்ன ரிமோட் சாஃப்ட்வேர் இருக்கிறது என்று இன்றைக்கே பாருங்கள்.